திருமலை அடிவாரத்தில் கூரையற்றோர்: ஒரு சென்ட் பட்டாவும் 99 பைசா நிலமும்

திருப்பதி ரயில் நிலைய வாசலில் தொடங்கி விஷ்ணு நிவாசத்தின் சுற்றுச்சுவர், கோவிந்தராஜர் கோவில் வீதிகள், அலிபிரி சாலை என ஒவ்வோர் இரவும் நடைபாதைகளில் மனிதர்கள் வரிசையாகப் படுத்து உறங்குகின்றனர். பார்க்கும் கண்ணுக்கு அனைவரும் ஒன்றுபோலவே தெரிவர். ஆனால், அங்கே படுத்திருப்போர் இரு வகையினர். ஒரு பகுதியினர் தரிசன டோக்கனுக்காகக் காத்திருக்கும் யாத்ரீகர்கள். இரண்டொரு நாளில் ஊர் திரும்பிவிடுவார்கள். மற்றொரு பகுதியினருக்குத் திரும்பிச் செல்ல வீடு என்ற ஒன்று இல்லை. விடுதிகளில் பாத்திரம் கழுவுவோர், பேருந்து நிலையத்தில் மூட்டை சுமப்போர், பூவும் கற்பூரமும் விற்போர், குப்பையிலிருந்து பிளாஸ்டிக் பொறுக்குவோர், உறவினரால் கோவில் நகரில் கைவிடப்பட்ட முதியோர், மனநோயால் பாதிக்கப்பட்டோர் என இவர்களின் பட்டியல் நீளும். இவர்களில் பெரும்பாலோர் உழைத்தே உண்பவர்கள். நாள்தோறும் பல்லாயிரம் யாத்ரீகர்களுக்கு நகரம் உணவும் தூய்மையும் வழங்குகிறது என்றால், அதில் இவர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது.

இம்மக்கள் வீதியிலிருந்து நிலையான வீட்டுக்குச் செல்ல என்ன வழி? ஆட்சியாளர்கள் இரண்டு விடைகளை வைத்திருக்கிறார்கள். ஒன்று, இரவுக் காப்பகம். மற்றொன்று, ஊருக்கு வெளியே ஒரு சென்ட் மனைப் பட்டா. முதலாவது, மனிதரை வீதியின் ஓரத்திலேயே நிறுத்தி வைக்கிறது. இரண்டாவது, அவரை வேலையிலிருந்து வெட்டி எறிகிறது. இரண்டுக்கும் நடுவில் ஏறிச் செல்லப் படிக்கட்டு இல்லை. அந்தப் படிக்கட்டைக் கட்ட மறுப்பதுதான் ஒன்றிய, மாநில அரசுகளின் வீட்டுவசதிக் கொள்கை.

வீதிக்கு வந்த கதை

வீடற்ற நிலை தனிமனிதரின் சோம்பலாலோ குடியாலோ விளைந்தது என்ற பிரச்சாரம் நீண்ட காலமாக நடக்கிறது. சித்தூர் மாவட்டத்தின் வரலாறு வேறு கதையைச் சொல்கிறது. மதனப்பள்ளி, குப்பம் போன்ற மேற்குப் பகுதிகள் தொடர் வறட்சிக்குப் பெயர் போனவை. அங்கே சிறு விவசாயியையும் விவசாயத் தொழிலாளியையும் ஓரளவு தாங்கி நின்றது கறவை மாடு. பல்லாயிரம் குடும்பங்களிடம் பால் கொள்முதல் செய்துவந்த சித்தூர் கூட்டுறவுப் பால்பண்ணை 2002 இல் மூடப்பட்டது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளும் பின்னர் ஒவ்வொன்றாக முடங்கின. சந்தை தனியார் கைக்குப் போனது. கிராமத்து மனிதர் பெங்களூருக்கும் திருப்பதிக்கும் போனார்.

இவர்களுக்கு முன்பே நிலமற்றவர்களாக ஆக்கப்பட்டவர்கள் யானாதிப் பழங்குடியினர். ஏரிக்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் புறம்போக்கிலும் குடிசை போட்டு வாழும் இவர்களில் பலரிடம், அரசு கேட்கும் எந்தச் சான்றும் இருப்பதில்லை. சான்று இல்லாதவருக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாதவருக்கு முகவரி இல்லை. முகவரி இல்லாதவருக்குச் சான்று இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து செல்லும் தொழிலாளர்களும் இதே வலையில் சிக்குகின்றனர். 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர் சித்தூர். வேலூர், திருவண்ணாமலை, திருத்தணி பகுதி மக்களுக்குச் சித்தூரும் திருப்பதியும் அந்நிய ஊர்கள் அல்ல. மாங்கூழ் ஆலைகளின் பருவகால வேலைக்கும் கட்டுமான வேலைக்கும் விடுதி வேலைக்கும் எல்லை தாண்டிச் செல்வது அவர்களுக்குப் பழகிய ஒன்று. ஆனால் குடும்ப அட்டை ஒரு மாநிலத்தில், உழைப்பு மறு மாநிலத்தில் என்று வாழ்பவர், இரண்டு மாநில அரசுகளின் வீட்டுவசதிக் கணக்கிலும் வருவதில்லை. மாநிலங்களுக்கிடையே புலம்பெயர்ந்த தொழிலாளர் சட்டம் 1979, தங்குமிடம் தரும் கடமையை ஒப்பந்தக்காரர் மீது சுமத்தியிருந்தது. ஏட்டளவிலேனும் இருந்த அந்தச் சட்டத்தையும் மோடி அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு விழுங்கிவிட்டது.

காப்பகம் என்னும் கணக்கு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றோர் 17.73 லட்சம் பேர். 2001 இல் இருந்த 19.43 லட்சத்துடன் ஒப்பிட்டு, எண்ணிக்கை குறைந்துவிட்டது என ஆட்சியாளர்கள் மார்தட்டினர். உண்மையில் குறைந்தது கிராமப்புற எண்ணிக்கை. நகர்ப்புற வீடற்றோர் 7.78 லட்சத்திலிருந்து 9.38 லட்சமாக உயர்ந்தனர். ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் மட்டும் 1.45 லட்சம் பேர். இதுவும் 2011 பிப்ரவரி 28 ஆம் தேதியின் ஒரே இரவில் எண்ணப்பட்ட எண்ணிக்கைதான். கடை வாசலிலும் பாலத்தின் அடியிலும் இடம் மாறி மாறிப் படுப்போரை ஓர் இரவில் எண்ணி முடித்துவிட முடியாது என்பதை எவரும் அறிவர். அதற்குப் பிந்தைய கணக்கெடுப்பு 2021 இல் நடக்கவே இல்லை.

உணவுரிமை வழக்கில் 2010 இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே, ஒரு லட்சம் நகர்ப்புற மக்களுக்கு ஒரு காப்பகம் என்ற அளவுகோல் வந்தது. 2013 இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கியது. காப்பகம் ஆண்டு முழுவதும், நாள் முழுவதும் திறந்திருக்க வேண்டும்; தங்குவோருக்குக் குடும்ப அட்டை, ஓய்வூதியம், அடையாளச் சான்று ஆகியவற்றைப் பெற்றுத்தர வேண்டும் என்றும் அதன் வழிகாட்டுதல் கூறியது. அதாவது, காப்பகம் வீட்டுக்குச் செல்லும் முதல் படியாக இருக்க வேண்டும் என்பதே ஏட்டில் உள்ள நோக்கம்.

நடைமுறையில் நிகழ்ந்தது என்ன? 2011 இல் திருப்பதி மாநகராட்சியின் மக்கள்தொகை ஏறக்குறைய 2.9 லட்சம். அளவுகோலின்படி மூன்று காப்பகங்கள் போதும் என்றாகிறது. ஒரு கோவில் நகரம் தன் குடிமக்களின் வீடின்மையை மட்டும் சுமப்பதில்லை. சுற்றியுள்ள நான்கு மாநிலங்களின் கைவிடப்பட்டோரும் அங்கேதான் வந்து சேர்கின்றனர். அவர்களை மக்கள்தொகைக் கணக்கு காணாது. ஒரு காப்பகத்தில் ஐம்பது முதல் நூறு பேர் தங்கலாம் எனில், மூன்று காப்பகங்களில் எத்தனை பேர் அடங்குவர் என்பதைக் கணக்கிட அதிகாரிகள் தேவையில்லை.

அந்தத் திட்டமும் 2024 செப்டம்பர் 30 உடன் முடிவுக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் வீடற்றோர் காப்பகம் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, புதிய நகர்ப்புற வறுமை ஒழிப்பு இயக்கம் இறுதி செய்யப்பட்டு வருவதாக ஒன்றிய அரசின் தலைமை வழக்கறிஞர் தெரிவித்தார். பழைய திட்டம் முடிந்துவிட்டது, புதியது பிறக்கவில்லை. இடைப்பட்ட மாதங்களிலும் மக்கள் வீதியில்தான் உறங்கினர். அதே விசாரணையில், இலவச ரேஷனும் பணமும் தருவதன் மூலம் ஒட்டுண்ணிகளின் வர்க்கம் ஒன்றை உருவாக்குகிறோமோ என்ற பொருள்பட நீதிபதி பி.ஆர்.கவாய் கேள்வி எழுப்பினார். இரவில் நடைபாதையில் படுத்து, விடியுமுன் எழுந்து நகரத்தின் குப்பையைப் பிரித்தெடுக்கும் மனிதர் ஒட்டுண்ணியா? அல்லது அவரது உழைப்புக்கு உரிய கூலியும் கூரையும் தராமல் கொழுக்கும் நகரம் ஒட்டுண்ணியா? வாழ்வாதார உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று 1985 இல் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் தீர்ப்பளித்ததும் இதே உச்ச நீதிமன்றம்தான்.

ஒரு சென்ட் நிலத்தின் அரசியல்

இரண்டாவது விடைக்கு வருவோம். 2020 டிசம்பர் 25 அன்று ஒய்.எஸ்.ஜெகன்மோகன் ரெட்டி அரசு, 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மனைப் பட்டாக்களை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த சில நாட்களில் அன்றைய சித்தூர் மாவட்டத்தின் ஸ்ரீகாளஹஸ்தி அருகிலுள்ள ஊரந்தூரிலும் முதல்வரே வந்து பட்டா வழங்கினார். பெண்களின் பெயரில் பட்டா என்ற ஏற்பாடு வரவேற்கத்தக்கது. நிலமற்ற குடும்பத்தின் கையில் ஒரு பத்திரம் கிடைப்பது சிறிய செய்தி அல்ல. இடதுசாரிகள் பல்லாண்டுகளாக எழுப்பிய மனைக் கோரிக்கையின் அழுத்தம் அதில் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் அளவைப் பாருங்கள். கிராமத்தில் ஒன்றரை சென்ட்; நகரத்தில் ஒரு சென்ட். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. வீடு கட்ட 1.80 லட்சம் ரூபாய். இந்தத் தொகையில் சிமெண்டும் கம்பியும் வாங்கிக் கூலியும் கொடுத்துக் கூரை போட முடியாது என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். மீதிப் பணத்தைக் கடன் வாங்க முடிந்தவர் கட்டினார்; முடியாதவரின் மனையில் முள்செடி வளர்ந்தது.

அதற்கு முன் தெலுங்கு தேசம் ஆட்சியில் தொடங்கிய டிட்கோ அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கதையும் இதுதான். திருப்பதி நகர ஏழைகளுக்கான குடியிருப்பு எழுந்தது ரேணிகுண்டா விமான நிலையத்துக்கும் அப்பால் விக்ருதமாலாவில். சென்னையின் கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் துரத்தப்பட்ட மக்களின் அனுபவத்தை அறிந்த தமிழகத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதிகாலை நான்கு மணிக்குப் பூச்சந்தைக்குச் செல்ல வேண்டியவரும், நள்ளிரவில் விடுதி வேலை முடிப்பவரும் அவ்வளவு தொலைவில் குடியேறினால், வீடு கிடைக்கும், வேலை போகும். வேலை போனவர் வீட்டைப் பூட்டிவிட்டு மீண்டும் நடைபாதைக்கே வருவார். அப்போது, வீடு கொடுத்தாலும் இவர்கள் வீதியில்தான் படுப்பார்கள் என்று அதிகார வர்க்கம் எள்ளி நகையாடும். ஓரிடத்தில் இடித்து அகற்றப்படும் குடிசை மற்றோரிடத்தில் முளைக்கும் என்பதை, வீட்டுப் பிரச்சினை குறித்து 1872 இல் எழுதிய கட்டுரைகளில் எங்கெல்ஸ் விளக்கிவிட்டார். ஆந்திர ஆட்சியாளர்கள் அதை நிரூபித்துக் கொண்டிருக்கிறார்கள்.

ஆட்சி மாறும்போது முந்தைய ஆட்சியின் வீடுகள் பாதியில் நிற்கும். கட்டி முடித்தவற்றின் வண்ணம் மாறும். 2024 இல் ஆட்சிக்கு வந்த தெலுங்கு தேசம் – ஜனசேனா – பாஜக கூட்டணி நகரத்தில் இரண்டு சென்ட், கிராமத்தில் மூன்று சென்ட் என வாக்குறுதி அளித்தது. வாக்குறுதியின் அளவு கூடியிருக்கிறது. எந்த இடத்தில் நிலம் என்ற கேள்விக்கு அதிலும் விடை இல்லை.

ஒன்றிய அரசின் பிரதமர் வீட்டுவசதித் திட்டம் இன்னும் வெளிப்படையானது. 2022 க்குள் அனைவருக்கும் வீடு என்று 2015 இல் முழங்கினார்கள். காலக்கெடுவை நீட்டிக்கொண்டே சென்றார்கள். அத்திட்டத்தின் நகர்ப்புற வீடுகளில் மிகப் பெரும்பகுதி, சொந்த மனை உள்ளவர் தாமே கட்டிக்கொள்வதற்கான நிதியுதவியில் எழுந்தவை. மனை இல்லாதவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. பயனாளி என்றாலே கணவன், மனைவி, பிள்ளைகள் அடங்கிய குடும்பம் என்று கருதும் திட்டத்தில், தனித்து விடப்பட்ட முதியவருக்கும் மனநோயிலிருந்து மீண்டு வரும் பெண்ணுக்கும் இடம் எங்கே? 2020 ஊரடங்கில் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பிய காட்சி நாட்டை உலுக்கிய பின், வாடகைக் குடியிருப்பு வளாகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பின் ஓசை அடங்கியதும் திட்டமும் ஓசையின்றிப் பின்னுக்குப் போனது.

யாருக்கு நிலம் இருக்கிறது?

நகரத்துக்குள் நிலம் இல்லை என்பதே அதிகாரிகளின் நிரந்தரப் பல்லவி. 2025 ஏப்ரலில் ஆந்திர அமைச்சரவை, விசாகப்பட்டினத்தில் 21.16 ஏக்கர் நிலத்தை டிசிஎஸ் நிறுவனத்துக்கு 99 பைசாவுக்கு வழங்க முடிவு செய்தது. ஒரு ஏக்கருக்கு நூறு சென்ட். சாலைக்கும் பொது இடத்துக்கும் பாதியை விட்டாலும், ஒரு சென்ட் கணக்கில் ஆயிரம் குடும்பங்கள் குடியேறும் நிலம் அது. இந்தியாவின் மிகப் பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு நகரத்தின் நடுவே நிலம் இருக்கிறது. அந்த நகரத்தைப் பெருக்கும் தொழிலாளிக்கு இல்லை.

திருப்பதியிலும் இதுவே நடந்தது. அலிபிரி அருகே நட்சத்திர விடுதிகளுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. ஏழுமலையின் புனிதம் கெடும் என எதிர்ப்பு எழுந்ததும், 35 ஏக்கருக்கான ஒதுக்கீட்டை ரத்து செய்வதாக 2025 மார்ச்சில் முதல்வர் சந்திரபாபு நாயுடு அறிவித்தார். விடுதியா, புனிதமா என்று விவாதம் அனல் பறந்தது. அதே அலிபிரி சாலையில் இரவில் படுத்துறங்கும் மனிதருக்கு அந்த நிலத்தில் ஒரு சென்ட் உண்டா என்று ஆளும் கட்சியும் கேட்கவில்லை, எதிர்க்கட்சியும் கேட்கவில்லை. 2023 இல் திருமலை திருப்பதி தேவஸ்தான வாரியம், தன் ஆண்டு பட்ஜெட்டில் ஒரு சதவீதத்தைத் திருப்பதி நகர வளர்ச்சிக்குச் செலவிட முடிவெடுத்தபோது பாஜக அதை எதிர்த்துக் கூக்குரலிட்டது; அரசும் அதற்கு அனுமதி மறுத்தது. பக்தரின் காணிக்கையைப் பறிக்க வேண்டும் என்பது இடதுசாரிகளின் கோரிக்கை அல்ல. அரசு நிலம், மாநகராட்சி வரி, ஒன்றிய நிதி ஆகிய மூன்றும் மக்களுடையவை. அவற்றில் வீடற்றோரின் பங்கைக் கேட்பதற்கு யாருடைய மத உணர்வும் தடையாக முடியாது.

வெளியேறிய மக்களின் வழி

வீதியிலிருந்து வீட்டுக்கு மக்கள் சென்ற உதாரணங்கள் உண்டு. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் தெலுங்கு வம்சாவளியினர் பெருமளவில் உள்ள பீடித் தொழிலாளர்கள், சிஐடியு தலைவர் நரசய்யா ஆடம் தலைமையில் திரண்டு போராடிப் பத்தாயிரம் வீடுகளைப் பெற்றனர். கோதாவரி பருலேகர் பெயரைத் தாங்கிய அக்குடியிருப்பு 2006 இல் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து ரேநகரில் 30 ஆயிரம் வீடுகளுக்கான போராட்டம் நடந்தது. 2024 ஜனவரி 19 அன்று அவற்றில் 15 ஆயிரம் வீடுகளைப் பிரதமர் மோடியே வந்து திறந்துவைத்துப் பெருமை தேடிக்கொண்டார். பயனாளிகளில் விசைத்தறித் தொழிலாளர், வாகன ஓட்டுநர் ஆகியோருடன் குப்பை பொறுக்குவோரும் இருந்தனர். எண்ணற்ற ஊர்வலங்களும் மறியல்களும் வழக்குகளும் அந்தச் சாவிகளுக்குப் பின்னால் இருந்தன என்பதை மேடையில் யாரும் சொல்லவில்லை.

கேரளம் 1970 இல் நடைமுறைப்படுத்திய நிலச் சீர்திருத்தம், குடிகிடப்புக்காரருக்கு ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகராட்சியில் 3 சென்ட் வரை உரிமை தந்தது. குடியிருந்த இடத்திலேயே உரிமை என்பதுதான் அதன் சிறப்பு. அந்த அடித்தளத்தின் மீதுதான் இடது ஜனநாயக முன்னணி அரசின் லைஃப் மிஷன் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்தது. ஒரு வீட்டுக்கு நான்கு லட்சம் ரூபாய் வழங்கியது. அதிதீவிர வறுமையில் உள்ளதாகக் கண்டறியப்பட்ட 64,006 குடும்பங்களுக்குத் தனித்தனியே திட்டம் தீட்டி, சான்று இல்லாதவருக்குச் சான்று, மருந்து தேவைப்படுவோருக்கு மருந்து, கூரை இல்லாதவருக்குக் கூரை என வழங்கப்பட்டது. கணக்கெடுப்பில் விடுபட்டோர் பற்றிய விமர்சனங்கள் எழுந்தன. அவை பரிசீலிக்க வேண்டியவையே. ஆனால் வீடற்றவரை அரசே தேடிச் சென்றது என்பதை விமர்சகர்களாலும் மறுக்க முடியாது.

வெளிநாட்டு அனுபவமும் பாடம் தருகிறது. 2008 இல் பின்லாந்து ஒரு மாற்றத்தைச் செய்தது. குடியை விட்டு, வேலை தேடி, நல்லவராகத் திருந்திய பிறகே வீடு என்ற பழைய முறையைக் கைவிட்டு, முதலில் வாடகை ஒப்பந்தத்துடன் வீடு, பிறகு மருத்துவமும் வேலையும் என்று வரிசையைத் திருப்பிப் போட்டது. இரவுக் காப்பகங்கள் குடியிருப்புகளாக மாற்றப்பட்டன. நீண்டகாலம் வீடின்றி இருந்தோர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. பின்னர் வந்த வலதுசாரி அரசு வீட்டு வாடகை உதவியை வெட்டியது. பல ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக 2024 இல் அங்கே வீடற்றோர் எண்ணிக்கை மீண்டும் உயர்ந்தது. கொடுத்தால் குறைகிறது, வெட்டினால் கூடுகிறது. வீடின்மை எந்த மனிதரின் குணத்தாலும் விளைவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கட்சியின் முன் உள்ள கடமை

ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2007 இல் இடதுசாரிக் கட்சிகள் நிலத்துக்கும் மனைக்குமான மாபெரும் இயக்கத்தை நடத்தின. அந்த ஆண்டு ஜூலை 28 அன்று கம்மம் மாவட்டம் முதிகொண்டாவில் காவல்துறை துப்பாக்கிச்சூட்டில் ஏழு பேர் உயிரிழந்தனர். ஏழைக்கு மனை என்பதை எந்தக் கட்சியும் ஒதுக்கித்தள்ள முடியாத கோரிக்கையாக்கியதில் அவர்களின் குருதிக்குப் பங்கு உண்டு.

அந்த மரபுக்கு உரிய கட்சி, நடைபாதைவாசிகளிடம் போதுமான அளவு சென்றிருக்கிறதா என்ற கேள்வியை நேர்மையுடன் எழுப்பியாக வேண்டும். வீடற்றவருக்கு வார்டு இல்லை, வாக்கு இல்லை, சங்கம் இல்லை. ஆகவே கிளைக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலிலும் அவர் இடம்பெறுவதில்லை. குடிசைப் பகுதியில் வேலை செய்யும் தோழர்களின் பார்வையிலிருந்தும், குடிசைகூட இல்லாதவர் தவறிவிடுகிறார்.

உடனடியாகச் செய்யக்கூடியவை பல. இரவில் சென்று வீடற்றோரை எண்ணி, அவர்கள் செய்யும் வேலையுடன் பட்டியல் தயாரிக்க வேண்டும். முகவரிச் சான்று இல்லாமலேயே வாக்காளராகச் சேரும் உரிமை அவர்களுக்கு உண்டு. வாக்குச்சாவடி அலுவலர் இரவில் நேரில் வந்து அவர் உறங்கும் இடத்தைச் சரிபார்த்தால் போதும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. வீட்டு எண் பூஜ்யம் என்று பதியப்பட்டாலும் அது வாக்குரிமையே. வாக்காளர் பட்டியலிலிருந்து ஏழைகளை நீக்கும் முயற்சிகள் நடக்கும் இக்காலத்தில் இந்த விதியைப் பயன்படுத்தியாக வேண்டும். நடைபாதையில் வியாபாரம் செய்வோருக்கு 2014 ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி அடையாள அட்டை பெற்றுத்தர வேண்டும். விடுதித் தொழிலாளர், சுமைப்பணியாளர், துப்புரவுத் தொழிலாளர் சங்கங்கள், உறுப்பினரின் கூலியோடு அவர் இரவில் எங்கே உறங்குகிறார் என்பதையும் விசாரிக்க வேண்டும்.

கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். காப்பகங்களுக்கான ஒன்றிய நிதியை இடைவெளியின்றித் தொடர வேண்டும். கோவில் நகரங்களில் வந்து சேருவோரையும் கணக்கிட்டுக் காப்பகங்களின் எண்ணிக்கையை நிர்ணயிக்க வேண்டும். திருப்பதியிலும் சித்தூரிலும் நகரத்துக்குள்ளேயே அரசு நிலத்தில், கூலிக்கு ஏற்ற வாடகையில் பொதுக் குடியிருப்புகளைக் கட்ட வேண்டும். தனிநபர்களும் அதில் இடம்பெற வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளி என்பதற்காக யாரையும் விலக்கக் கூடாது. மனநோயிலிருந்து மீள்வோருக்கு உதவியாளருடன் கூடிய குடியிருப்பு வேண்டும். யானாதி மக்கள் குடியிருக்கும் இடத்திலேயே பட்டா வழங்க வேண்டும்.

வேலைக்கு அருகில் கூரை, கையில் சான்று, பின்னால் சங்கம். இம்மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் மனிதர் வீதியிலிருந்து வெளியேறியிருக்கிறார். கருணை அவருக்குப் போர்வையைத் தரும். போராட்டமே கதவைத் தரும். நிலம் இல்லை என்று சொல்லும் அரசிடம் 99 பைசா கணக்கை நீட்டிக் கேட்போம்: எங்கள் ஒரு ரூபாய்க்கு எத்தனை ஏக்கர்?